மூன்று தலைமுறைக் குடும்பங்களில் மனநல உதவி

ஒரே வீட்டில் வாழும் தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு மனம் சார்ந்த துன்பம் வரும்போது அதை வீட்டார் எவ்வாறு அடையாளம் காண்பது, உதவியை எங்கே தேடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி மாவட்டம், குறிப்பாகப் புளியங்குடி வட்டாரம், எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. சொல்லப்படுபவை தமிழ்நாட்டின் பிற சிற்றூர்களுக்கும் பெருமளவு பொருந்தும்.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்படி வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். ஆனால் மருத்துவர் இருக்கும் ஊரிலும் பலர் அவரிடம் போவதில்லை. அதற்கான விளக்கத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் படும் வேதனையை அடுத்த தலைமுறைக்காரர் வேதனை என்றே அறிந்துகொள்வதில்லை.

வட்டாரச் சூழல்

புளியங்குடி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மதுரை–தென்காசி சாலையில் அமைந்த நகராட்சி. எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்றது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விவசாயமும் பீடி சுற்றுதலும் இம்மாவட்டத்து மக்களின் முக்கிய வாழ்வாதாரங்கள். செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு வேலைக்குச் செல்வோரும், கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் ஏராளம்.

இதனால் பல வீடுகளில் ஒரே அமைப்பைக் காணலாம். அப்பா வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். அம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே குடும்பத்தை நடத்துவார். ஆச்சி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் கல்லூரிக்கோ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கோ போவார்கள். பணம் வரும் வழி ஒருவரிடம், அதிகாரம் இன்னொருவரிடம், படிப்பு மூன்றாமவரிடம் என்று பிரிந்து கிடக்கும். “டாக்டரிடம் போக வேண்டும்” என்ற முடிவை யார் எடுப்பது என்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

ஒரே வேதனை, மூன்று பேச்சு

மூத்த தலைமுறை மனத்தின் துன்பத்தை உடம்பின் மொழியில் சொல்கிறது. “மேலுக்கு முடியல”, “நெஞ்சு படபடன்னு அடிக்கு”, “தலை கிறுகிறுன்னு வருது”, “சோறு எறங்கல”, “உடம்பெல்லாம் எரியுது” என்பவை இவ்வட்டாரத்து ஆச்சிகளின் வாயில் நாள்தோறும் கேட்பவை. இவை நடிப்பல்ல. மனச்சோர்வு உள்ள முதியவருக்கு உடல்வலியும் தூக்கக் கேடும் பசியின்மையும் உண்மையாகவே ஏற்படுகின்றன. அவர் உடம்புக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரிடமே போவார். இரத்தம், ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்து “ஒன்றுமில்லை” என்று அனுப்பப்படுவார். வீட்டுக்கு வந்ததும் “அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதற்குப்பின் அவர் வாயைத் திறப்பதில்லை.

நடுத்தலைமுறை “கவலை”, “டென்ஷன்”, “நரம்புத் தளர்ச்சி” என்னும் சொற்களைப் பயன்படுத்துகிறது. கடன், மகளின் கல்யாணம், கணவன் இல்லாத தனிமை ஆகியவற்றைக் காரணமாகச் சொல்லும். காரணம் தெரிந்துவிட்டதால் அது நோயாக இருக்காது என்றும் நினைத்துக்கொள்ளும். இத்தலைமுறை ஆண்களில் பலர் சொல்லாலும் சொல்வதில்லை, குடிக்கிறார்கள். குடியை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்த்துச் சண்டையிடும் வீட்டில், அதற்கு அடியில் இருக்கும் மனச்சோர்வோ மனப்பதற்றமோ கண்ணில் படாமல் போகிறது.

இளைய தலைமுறை “டிப்ரஷன்”, “ஸ்ட்ரெஸ்”, “ஆங்சைட்டி” என்று நேரடியாகப் பெயர் சொல்கிறது. கைப்பேசியில் கற்ற சொற்கள் இவை. சில நேரம் சாதாரண வருத்தத்துக்கும் இச்சொற்கள் பயன்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பெரியவர்கள் அதைச் சாக்காகக் கொண்டு, “அந்தக் காலத்தில் நாங்க படாத பாடா?” என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நீண்ட காலம் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். நன்றாகப் படித்துவந்த பிள்ளை திடீரென மதிப்பெண் குறைவதும், மதியச் சோற்றைத் திறக்காமலே கொண்டுபோவதும், அடிக்கடி வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பதும் ஆசிரியர் கண்ணில் முதலில் படும். பெற்றோரிடம் சொன்னால் “செல்போன்தான் சார் காரணம்” என்ற பதில் வரும். கைப்பேசி பல வீடுகளில் காரணமாக இருப்பதைவிட, பேச ஆளில்லாத பிள்ளையின் ஒதுங்குமிடமாகவே இருக்கிறது.

ஆக, ஆச்சியின் “மேலுக்கு முடியல”, மகளின் “நரம்புத் தளர்ச்சி”, பேத்தியின் “டிப்ரஷன்” ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று பெயர்களாக இருக்கக்கூடும். மனநோய்கள் சிலவற்றுக்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு என்பதால், ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு வருவதும் வியப்பில்லை. பரம்பரையில் இருப்பதாலேயே எல்லோருக்கும் வந்துதீரும் என்றும் பொருளில்லை.

பிற நாடுகளில் இதே நிலை

இது தமிழருக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் பாட்டிமார் தம் மனவேதனையை ஸ்பானிய மொழியில் “நெர்வியோஸ்” என்பார்கள். அதன் நேர்ப்பொருள் “நரம்புகள்”. நம் ஊர் “நரம்புத் தளர்ச்சி”யும் அந்தச் சொல்லும் கடல் கடந்த உடன்பிறப்புகள்போல் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டுக் கையேடு, இத்தகைய சொல்வழக்குகளைப் பண்பாடு சார்ந்த துன்ப வெளிப்பாடுகள் என்று தனியே விளக்குகிறது. மருத்துவர் நோயாளியின் சொல்லைக் கேட்டு அதற்குள் இருக்கும் நோயை அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அக்குடும்பங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலம் தெரிந்த பேரப்பிள்ளையே பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார வேண்டியிருக்கும். பாட்டி தன் கணவனைப் பற்றியோ சாவைப் பற்றியோ பேரன் முன்னிலையில் பேசுவாரா? மேலைநாடுகளில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களிலும் இந்த நிலை உண்டு. நம் ஊரில் மொழித்தடை இல்லை. ஆனால் மருத்துவரிடம் அழைத்துப்போகும் மகனே எல்லாவற்றையும் பேசிவிட, நோயாளி தலையாட்டிவிட்டு வரும் வழக்கம் இருக்கிறது. விளைவு ஒன்றே.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006 இல் ஹராரே நகரில் “நட்பு இருக்கை” என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரப்பலகை இருக்கைகளில் அமரவைத்தார். மனம் நொந்தவர்கள் அவர்களிடம் வந்து பேசினார்கள். அந்நாட்டு ஷோனா மொழியில் மனச்சோர்வைக் குறிக்க மக்கள் சொல்வது “அதிகமாக யோசிப்பது” என்னும் பொருளுடைய சொல். நம் பெண்கள் “ஒரே யோசனையா இருக்கு” என்பதும் அதுவே. பாட்டிமார் அந்தச் சொல்லையே வைத்துப் பேசினார்கள். மருத்துவப் பெயர்களைத் திணிக்கவில்லை. இம்முறை பயன் தருவதை 2016 இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

கோயிலும் தர்காவும் அருவியும்

தென்தமிழ்நாட்டில் மனநோயாளியை முதலில் அழைத்துச்செல்லும் இடம் பெரும்பாலும் வழிபாட்டிடமே. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா, திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயில், தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலம் ஆகியவற்றுக்கு எல்லா மதத்தினரும் செல்கிறார்கள். குற்றால அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்னும் நம்பிக்கையும் பழையது. முடிவெடுப்பவர் வீட்டில் மூத்தவராக இருந்தால் முதல் பயணம் இவற்றுள் ஒன்றுக்காகத்தான் இருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமமின்றி நடந்த காப்பகங்கள் மூடப்பட்டன. அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலோர் வேறு வழி தெரியாமல், “அங்கே விட்டால் சரியாகும்” என்று யாரோ சொன்னதை நம்பி விட்டவர்கள்.

பின்னர் அரசு, வழிபாட்டை எதிர்த்துப் பயனில்லை என்று உணர்ந்து, ஏர்வாடி தர்காவிலேயே மனநல மருத்துவ வசதியை ஏற்படுத்தியது. “தவா–துவா”, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்று அத்திட்டத்துக்குப் பெயர். குணசீலத்திலும் மருத்துவர் உதவியோடு மறுவாழ்வு மையம் நடத்தப்படுகிறது. வீட்டில் பெரியவர்களோடு வாதாடும் இளையவர்கள் இந்த அணுகுமுறையைப் பின்பற்றலாம். “கோயிலுக்கும் போவோம், டாக்டரிடமும் போவோம்” என்றால் ஆச்சி பெரும்பாலும் சம்மதிப்பார். “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று தொடங்கினால் இரண்டுக்கும் போகாமல் கதவு சாத்தப்படும். கட்டிவைத்தல், அடித்தல், பட்டினி போடுதல், மிளகாய்ப் புகை காட்டுதல் ஆகியவற்றை மட்டும் எந்தப் பெரியவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

உதவி கிடைக்கும் இடங்கள்

மத்திய அரசு 1982 இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் செயல்பட்டு, இப்போது மாநிலம் முழுவதும் உள்ளது. இத்திட்டத்தில் மனநல மருத்துவரும் குழுவினரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பணிபுரிவதோடு, வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் செல்கிறார்கள். சிகிச்சையும் மாத்திரைகளும் இலவசம்.

புளியங்குடிக்காரர் முதலில் ஊரிலுள்ள அரசு மருத்துவமனையில், “மனநல டாக்டர் எந்தக் கிழமை, எந்த ஊருக்கு வருகிறார்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நாள் தெரியாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் இரண்டாம் முறை போவதில்லை. அடுத்த நிலை, ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலுள்ள தென்காசி அரசு தலைமை மருத்துவமனை. உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய கடுமையான நிலைக்குப் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து, நோயாளியையும் துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் போய்வருவது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய செலவல்ல. நோய் கட்டுக்குள் வந்தபின் மாத்திரையை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண் போதும். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய டெலி–மனஸ் சேவை இது. தமிழ்நாட்டில் “நட்புடன் உங்களோடு” என்ற பெயரில் நடைபெறுகிறது. 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்றில்லை. “என் அம்மா இப்படி இருக்கிறார், நான் என்ன செய்ய?” என்று மகள் கேட்கலாம். வீட்டில் பேச இடமில்லாத பிள்ளைகள் மாடியிலோ பேருந்து நிறுத்தத்திலோ நின்று பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டோர் ஆபத்தில் இருந்தால் 1098, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களும் உள்ளன.

தொண்டு நிறுவனங்களில் பல சென்னையில் உள்ளன. சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு நோய்க்கும், லட்சுமி விஜயகுமார் 1986 இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்புக்கும், 1993 முதல் இயங்கும் பேனியன் ஆதரவற்ற மனநோயாளிகளுக்கும் பணியாற்றுகின்றன. குடிநோய்க்கு, சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை உள்ளது. தென்மாவட்டத்தாருக்கு அருகில் இருப்பது மதுரையிலுள்ள எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை. குடிப்பவர்கள் தமக்குள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடக்கின்றன. குடிப்பவர்களின் மனைவி மக்களுக்கென்று அல்–அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி மட்டும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் சந்திப்பு

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை தருவார், மாத்திரை எழுதமாட்டார். சில நோய்களுக்கு ஒருவர் போதும், சிலவற்றுக்கு இருவரும் தேவை.

போகும்போது, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச்செல்ல வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்கக் கூடாது. எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் முன்பு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு ஆச்சிக்கு மட்டுமே விடை தெரிந்திருக்கும். “ஒன் தாத்தாவோட தங்கச்சி ஒருத்தி கிணத்துல விழுந்துட்டா” என்ற செய்தி அறுபது ஆண்டுக்குப்பின் மருத்துவர் அறையில்தான் முதன்முறையாக வெளிவரும். அதைக் கேட்ட பேத்திக்குத் தன் நோய் தன் தவறன்று என்று விளங்குவதும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் தந்தையை, மருத்துவர் அனுமதித்தால், கைப்பேசிக் காணொளியில் சேர்த்துக்கொள்ளலாம். பணம் அனுப்புபவர் நோயைத் தானே கேட்டறிந்தால், “சும்மா ஆஸ்பத்திரிச் செலவு” என்று பிறகு சொல்வது குறையும்.

அதே நேரம், ஒவ்வொருவருக்கும் மருத்துவரோடு தனியே பேச நேரம் கிடைக்க வேண்டும். மருமகள் மாமியார் முன்னிலையில் உண்மையைச் சொல்லமாட்டார். கல்லூரி மாணவன் அப்பா முன்னிலையில் காதலைச் சொல்லமாட்டான். “கொஞ்சம் தனியாகப் பேசணும்” என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவரின் சட்டக் கடமை. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பன போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு.

முதியவர்களைப் பொறுத்தவரை இன்னொரு குறிப்பு. “வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வும் மறதியைப் போலவே தோன்றும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, காது கேளாமை ஆகியவையும் ஒருவரை மந்தமாகவும் ஒதுங்கியவராகவும் ஆக்கும். இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு. முதுமை மறதி நோயே என்றாலும், முன்பே தெரிந்தால் வீட்டார் நடந்துகொள்ளும் முறை மாறும். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கும் தாத்தாவைத் திட்டுவது நிற்கும்.

மாத்திரை பற்றிய அச்சங்கள்

“மனநோய் மாத்திரை எல்லாம் தூக்க மாத்திரை, ஒருதடவை போட்டால் வாழ்நாள் முழுக்க அடிமை” என்பது பரவலான எண்ணம். மனச்சோர்வுக்கான முதன்மை மாத்திரைகள் அத்தகையவை அல்ல. அவை வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். வாய் உலர்தல், குமட்டல் போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரலாம். அதனால் பலர் பத்து நாளில் நிறுத்திவிட்டு “கேக்கல” என்கிறார்கள். இன்னும் சிலர் நலமானதும் நிறுத்துகிறார்கள். எவ்வளவு காலம் என்பது நோயைப் பொறுத்தது. சிலருக்குச் சில மாதங்கள் போதும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும், சர்க்கரை நோய்க்கு எடுப்பதைப்போல.

உண்மையில் பழக்கத்துக்கு அடிமையாக்குவது வேறு வகை: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம் போன்றவை. இவற்றை மருத்துவச் சீட்டு இல்லாமல் தெரிந்த கடையில் வாங்கி, அம்மாவும் ஆச்சியும் பங்கிட்டுப் போட்டுக்கொள்ளும் வீடுகள் உண்டு. முதியவர்கள் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இது ஒரு காரணம்.

கல்யாணப் பேச்சு

இதை மனநலக் கட்டுரைகள் பெரும்பாலும் தொடாமல் போகின்றன. நம் வீடுகளில் சிகிச்சைக்குத் தடையாக நிற்பதில் முதலிடம் இதற்குத்தான். “வெளியே தெரிஞ்சா பொண்ணு கேட்டு யார் வருவா?” என்ற அச்சத்தில், அக்காவின் நோய்க்குத் தங்கையின் கல்யாணம் முடியும்வரை மருத்துவம் தள்ளிப்போடப்படுகிறது. “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்று சொல்லி நோயாளிக்கே திருமணம் செய்துவைப்பதும் நடக்கிறது. அதைவிடக் கேடானது, சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக் கூடாதென்று கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாத்திரையை நிறுத்துவது. புது இடம், தூக்கமின்மை, சடங்குகளின் நெருக்கடி, மாத்திரையும் இல்லை என்றால் நோய் திரும்புவது இயல்பே. பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்ற பழியும், நீதிமன்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

இரு வீட்டாரும் பேசும் நிலைக்கு வந்தபின், மணமக்கள் இருவருக்கும் தெரியும்படி உண்மையைச் சொல்வதும், மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து செல்வதும் நடைமுறையில் சாத்தியமே. ஒன்றிரண்டு வரன்கள் தவறக்கூடும். தொடர்ந்து மாத்திரை எடுத்துக்கொண்டு, பிள்ளை பெற்று, வேலை பார்த்து நன்றாக வாழ்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், பொருத்தமான மருந்துக்கு மாற்றித் தருவார்.

உயிருக்கு ஆபத்தான நிலை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவ்வாண்டு இந்தியாவில் 1,70,000க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டனர். குடும்பப் பிரச்சினைகள் என்று காரணம் குறிக்கப்பட்டவை அவற்றில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. “இருந்து என்ன பிரயோசனம்”, “நான் இல்லாட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று ஆச்சி சொன்னாலும் மகன் சொன்னாலும் பேத்தி சொன்னாலும் ஒரே அளவு கவனம் தேவை. “சாகணும்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்கப்பட்டவருக்குப் பேச வழி கிடைக்கும். கேட்டபின் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். 14416ஐயோ, உடனடி ஆபத்து என்றால் 108ஐயோ அழைக்கலாம்.

எலுமிச்சைத் தோட்டமும் வயலும் உள்ள நம் வட்டாரத்தில் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்கும் பழக்கம் உண்டு. அந்த வேகமான சில நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிச் சிற்றூர்களில் பூச்சிமருந்துகளை ஊர்ப்பொதுவான பூட்டிய பெட்டகங்களில் வைக்கச் செய்து ஆராய்ந்தார்கள். 2013 இல் வெளியான அந்த ஆய்வு, இம்முறை தற்கொலைகளைக் குறைக்க உதவும் என்று காட்டியது. தோட்டத்திலேயே பூட்டி, சாவியை ஒருவர் வைத்துக்கொள்வது எந்தக் குடும்பமும் இன்றே செய்யக்கூடியது.

தேர்வு முடிவு வரும் வாரத்தில் பிள்ளைகள் உள்ள வீடுகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017 இல் நிறுத்தியது. ஆசிரியர்களில் சிலர் அப்போது வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதி மேற்படிப்பில் சேரலாம் என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவைப்பது, முடிவு வந்தபின் சொல்வதைவிடப் பயன் தரும்.

சட்டமும் சான்றிதழும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதன் 115ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில், பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆகவே போலீஸ் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டியதில்லை. நோய் முற்றும் வேளையில் தனக்காக முடிவெடுக்க ஒருவரை, நலமாக இருக்கும்போதே நோயாளி எழுத்தில் நியமிக்கலாம். கூட்டுக் குடும்பங்களில் கணவன் வீட்டாருக்கும் பிறந்த வீட்டாருக்கும் இடையே இழுபறி வரும்போது இந்தத் தாள் மிக உதவும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குச் செய்வதுபோல் மனநோய்க்கும் வழிசெய்ய வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் உள்ளது.

நாள்பட்ட மனநோய், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்று. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகியவற்றில் உள்ள தடையை அளந்து விழுக்காடு கணக்கிட்டுச் சான்று தருவார்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அரசுச் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார் அட்டை, புகைப்படங்கள், மருத்துவமனையில் இதுவரை சிகிச்சை பெற்ற சீட்டுகள் ஆகியவற்றோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் முகாம் நடக்கும் நாளைச் சொல்வார்கள். பழைய சீட்டுகளே நோயின் கால அளவுக்குச் சான்று என்பதால், மாத்திரை வாங்கியவுடன் அவற்றைக் கிழித்துப் போடாமல் ஒரே பையில் சேர்த்துவைக்க வேண்டும். தற்காலிகச் சான்றாக இருந்தால் அதில் முடிவுத் தேதி அச்சிடப்பட்டிருக்கும். அத்தேதிக்கு முன்பே மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.